கடல் படத்தில் நான் துடைத்த கோடுகள்

என் பெயர் ரமணி த/பெ அர்ஜுனன். வயது ஐம்பத்து மூன்று. சிம்பாங் அம்பாட், தாமான் மெராந்தியில் என் கணவர் சிவநேசனுடன் குடியிருக்கிறேன். ஜார்ஜ் டவுனில் லெபு பசார் தெருவுக்குப் பின்புறச் சந்தில் எங்களுக்குச் சொந்தமாகப் பேனர் அச்சடிக்கும் கடை இருக்கிறது. இயந்திரத்தைக் கணவர் பார்ப்பார், கணினியில் படம் திருத்துவது நான். தெலுக் பாரி என்ற ஒராங் அஸ்லி பூர்வகுடிகளின் கிராமத் தலைவர் உனின் என்பவர் படகில் கடலுக்குப் போய் வீடு திரும்பாதது பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்ல அழைத்தார்கள், வந்திருக்கிறேன். அந்த ஊர்க்காரர்கள் தலைவரை பாத்தின் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். விசாரிப்பவர் இன்ஸ்பெக்டர் நஜ்வா, எழுதுகிறவர் சார்ஜன் கார்த்திகன். மலாய் எனக்கு நன்றாக வரும். ஆனால் இந்த விஷயத்தில் ஒரு சொல் தடுமாறினாலும் ஒரு மனிதர் பெயர் கெடும் என்பதால் தமிழிலேயே சொல்கிறேன், நான் சொல்கிறபடியே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

எங்கள் கடையில் கல்யாணப் பேனர், கோயில் திருவிழாப் பேனர், செத்தவர்களுக்கு முப்பதாம் நாள் படம், இவைதான் வேலை. கல்யாணத்துக்குக் கொடுக்கும் படத்தில் மாப்பிள்ளைக்கு முகப்பரு இருக்கும், செத்தவர் படத்தில் பூஞ்சைக் கோடு இருக்கும். எல்லாவற்றையும் நான் துடைத்துத்தான் வெளியே அனுப்புவேன். தூசியோடு எங்கள் கடையிலிருந்து ஒரு படம் போனது கிடையாது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். இனிமேல் சொல்லமாட்டேன்.

சென்ற தீபாவளி முடிந்து கல்யாண மாதத்தில் தலைக்கு மேல் வேலையாக இருந்த சமயத்தில் ஹாரிஸ் என்பவர் கடைக்கு வந்தார். அவர் ஒரு ஆய்வுக் கம்பெனியின் அதிகாரி. கடலுக்குள் காற்றாலை நட்டால் கரையில் இருக்கிற ஜனங்கள் கண்ணுக்கு அது எப்படித் தெரியும், அதனால் அவர்களுக்கு என்ன சங்கடம் வரும் என்று பார்த்து எழுதிக் கொடுப்பது அந்தக் கம்பெனியின் வேலை. கிராமத்துக் கரையில் நின்று படம் பிடித்து, அதன் மேல் வரப்போகும் காற்றாடிகளைக் கணினியில் போட்டு, பெரிதாக அடித்து, ஊராரை முன்னால் நிற்க வைத்துக் காட்டிக் கேட்பார்களாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு அவர் ஒரு பென்டிரைவைக் கணவரிடம் கொடுத்து, அகலம் நீளம் சொல்லி, மறுநாள் காலையில் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அளவை மாற்றக் கூடாது என்று மட்டும் சொன்னதாக என் கணவர் சொல்கிறார். படத்தில் கையே வைக்கக் கூடாது என்று சொன்னதாக ஹாரிஸ் சொல்கிறாராம். நான் அப்போது பக்கத்துக் கடைக்குத் தேத்தண்ணீர் வாங்கப் போயிருந்தேன், ஆகையால் யார் சொல்வது சரி என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது.

அதன் பிறகு நான் அந்தப் படத்தைத் திறந்தேன். அதற்குச் சற்று முன்புதான் ஒரு பெரியவரின் முப்பதாம் நாள் படத்தில் வேலை செய்திருந்தேன். பழைய படம், முகம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சைக் கோடு, ஒவ்வொன்றாக எடுத்து முடித்திருந்தேன். ஹாரிஸ் கொடுத்த படத்தில் ஓரமாகக் கொஞ்சம் காட்டுமரம், மிச்சமெல்லாம் கடல், மேலே மூட்டமான வானம். வானமும் கடலும் சேரும் இடத்தில் மெல்லிசாக வெள்ளைக் கோடுகள் இருந்தன. பூஞ்சை என்று நினைத்து அதே கையோடு துடைத்தேன். துடைத்த பிறகு வானம் அழுதுவடிகிற மாதிரி இருந்ததால் கொஞ்சம் நீலம் ஏற்றினேன். ஏதோ ஆபீஸ் சுவரில் மாட்டக் கடல் படம் கேட்கிறார்கள் என்பதுதான் என் எண்ணம்.

கேட்டிருக்கலாமே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். கேட்டிருக்கலாம். மாப்பிள்ளையின் பருவை எடுக்கவா வேண்டாமா என்று நான் எந்தக் கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறேன், இதற்குக் கேட்க?

மறுநாள் காலையில் ஹாரிஸ் வந்தார். கணவர் பேனரைப் பாதி விரித்துக் காட்டினார். அவர் டேப் வைத்து அகலத்தை அளந்தார், போன் வந்தது, பேசிக்கொண்டே 'அழகு, அழகு' என்று சொல்லிச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். வழக்கம்போல அடியில் ஓரத்தில் எங்கள் கடைப் பெயரும் போன் நம்பரும் சின்னதாக அடித்திருந்தோம்.

அதன் பிறகு தெலுக் பாரியில் நடந்ததை நான் பார்க்கவில்லை, பாத்தின் உனின் என்னிடம் சொன்னதைத்தான் சொல்கிறேன். அந்த ஊரில் சூரியன் இறங்கும் இடத்தை யாரும் விரல் நீட்டிக் காட்டமாட்டார்கள். செத்தவர்கள் அந்த வழியாகத்தான் போகிறார்கள் என்று அவர்கள் நம்பிக்கை. வருஷத்தில் ஒரு நாள் கரையில் கும்பிடுவார்கள். அப்போது எல்லாரும் தலையைக் குனிந்து நிற்க, பாத்தின் ஒருவர் மட்டும் நிமிர்ந்து வானமும் கடலும் சேரும் அந்தக் கோட்டைப் பார்ப்பார். வழியில் தடங்கல் ஏதும் இல்லை என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் தலை நிமிர்வார்கள். ஊருக்கே அவர் கண்தான் கண். ஹாரிஸ் ஊர்க் கூடத்தில் எங்கள் பேனரைத் தொங்கவிட்டு, காற்றாலை வந்தால் உங்கள் கடல் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, படத்தில் அந்தக் கோட்டை விரலால் காட்டியிருக்கிறார். விரல் போன உடனே கூடத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துவிட்டார்கள். பார்த்தவர் பாத்தின் ஒருவர்தான்.

அவர் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறார், தள்ளி நின்று பார்த்திருக்கிறார், கையால் தடவியும் பார்த்திருக்கிறார். எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு, ரொம்பத் தூரம், லேசாகத்தான் தெரியும் என்று ஹாரிஸ் சொன்னாராம். கடைசியில் பாத்தின் ஊராரைப் பார்த்து, 'ஒன்றும் இல்லை' என்று சொன்னார். அவர்கள் நிமிர்ந்தார்கள், சம்மதம் சொன்னார்கள், தே குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

ஹாரிஸ் படத்துக்குப் பக்கத்திலேயேதான் நின்றிருக்கிறார். தான் போட்டுக் கொடுத்த காற்றாடி ஒன்றுகூட அதில் இல்லை என்று அவருக்குத் தெரியவில்லையாம், ஜன்னல் வெளிச்சம் பேனர் மேல் அடித்தது என்கிறாராம். கண்ணுக்கு என்ன தெரியும் என்று பார்ப்பதற்கே சம்பளம் வாங்குகிறவர் அவர். அவர் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

அதன் பிறகு கம்பெனிக்காரர்கள் ஜார்ஜ் டவுனில் ஒரு மண்டபத்தில் எல்லாப் படங்களையும் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அவை வேறு எங்கோ அடித்தவை. தெலுக் பாரிப் பையன் ஷாருல் பத்து காவான் என்ற இடத்தில் பேக்டரி வேலை செய்கிறவர், லீவு நாளில் அங்கே போய்ப் பார்த்திருக்கிறார். அதே கரை, அதே மரம், கடற்கோட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை காற்றாடி நின்றிருக்கிறது. போனில் படம் பிடித்துக்கொண்டு போய் ஊரில் காட்டினார். அன்றோடு பாத்தினுக்குச் சனி பிடித்தது. இத்தனையும் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அவர் கண் கெட்டுப் போச்சு, கண் கெட்டவர் பாத்தினாக இருக்கக் கூடாது. கண் கெடவில்லை என்றால் கம்பெனியிடம் காசு வாங்கிக்கொண்டு பொய் சொல்லியிருக்கிறார். இரண்டில் ஒன்று என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அவர் பிடித்து வந்து கொடுத்த மீனைத் திருப்பி அவர் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்களாம். வருகிற கும்பிடுக்கு அவர் நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

அவர் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார். நிபோங் திபாலில் போய்க் கண் சோதித்திருக்கிறார். இந்த வயதுக்கு நல்ல கண் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதன் பிறகுதான் ஹாரிஸ் கூடத்திலேயே விட்டுப்போன பேனரின் அடியில் இருந்த எங்கள் கடை நம்பரைப் பார்த்து, அதைச் சுருட்டிப் பிளாஸ்டிக்கில் கட்டி, பஸ் ஏறி, பெரிக் கப்பல் ஏறி, எங்களைத் தேடி வந்தார்.

சீனப் பெருநாள் கழித்துக் கடை திறந்த சமயம். ஒல்லியான மனிதர், சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்டிருந்தார். பேனரைத் தரையில் விரித்து, இந்தக் கடலைச் செய்தது யார் என்று மலாயில் மெதுவாகக் கேட்டார். நான் பெரிய மனுஷி மாதிரி, நான்தான், என்ன, சாயம் போயிடுச்சா என்று கேட்டேன். அவர் விஷயத்தைச் சொன்னார். கணினியில் ஹாரிஸ் கொடுத்த படம் இன்னும் இருந்தது, திறந்தேன். துடைக்காத படத்தில் அந்தக் கோடுகள் எல்லாம் அப்படியே நின்றன. பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று இறக்கை. என் கணவர் 'அடிப்பாவி' என்று சொல்லி முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பாத்தின் திரைக்குக் கிட்டே வந்து பார்த்துக்கொண்டே நின்றார். என்னைத் திட்டுவார், அடிக்கக்கூட வருவார் என்று நினைத்தேன். அவர் முகம் தெளிந்தது. 'அப்போ என் கண் கெடவில்லை' என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் அதையே சொன்னார். அந்த மனிதருக்கு அன்றைக்கு அதுவே போதுமாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன், அதை எழுதிக்கொள்ளலாம்.

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். என் ஊருக்கு வந்து, நடந்ததை நடந்தபடி எல்லார் முன்னாலும் சொல்லுங்கள் என்றார். ஹாரிஸுக்கு போன் பண்ணிச் சொன்னேன். அங்கெல்லாம் போகாதீர்கள், கம்பெனி வக்கீல் பார்த்துக்கொள்வார் என்றார். உங்கள் வக்கீல் வந்து என் கையைக் கழுவி விடுவாரா என்று கேட்டு போனை வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் காடியை ஓட்டிக்கொண்டு நிபோங் திபால் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குள் புகுந்து, தெலுக் பாரிக்குப் போனோம்.

கூடத்தில் ஊர் கூடியிருந்தது. பாத்தின் ஓரமாக நின்றார். நான் மலாயில் முழுக்கச் சொன்னேன், பூஞ்சை, தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டேன், இவர் மேல் தப்பே இல்லை, இவர் யாரிடமும் காசு வாங்கவில்லை என்று சொன்னேன். கணவர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். ஷாருல், 'அக்கா, தூசி வரிசையா நிக்குமா?' என்று கேட்டார். அந்தப் பையனுக்கு பேக்டரியில் நம்ம பிள்ளைகளோடு பழகிக் கொஞ்சம் தமிழ் வரும், அதைத் தமிழிலேயே கேட்டார். பிறகு மலாயிலும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அத்தனை காற்றாடியையும் ஒன்று விடாமல் அழுக்கு என்று துடைத்தாளாம் ஒருத்தி, பாத்தினுக்குக் கதை கட்டக்கூடத் தெரியவில்லை, டவுனிலிருந்து ஆள் பிடித்து வந்திருக்கிறார் என்று ஒரு பெண் சொன்னார். உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்தில் நான் உட்கார்ந்து கேட்டிருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன்.

ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்காது. சிரிப்புக் கேட்டதும் கோபம் தலைக்கேறிவிட்டது. 'உங்க எல்லாருக்கும் கண்ணு இல்லையா? அன்னிக்கு நீங்களே நிமிந்து பாத்திருந்தா என்ன?' என்று மலாயில் கத்திவிட்டேன். அந்த ஊர் வழக்கம் எனக்கு அப்போது தெரியாது. சிரிப்பு நின்றது. ஒருவர் பின் ஒருவராக எழுந்து வெளியே போனார்கள். பாத்தின் மட்டும் கூடத்தில் நின்றார், எங்களைக் காடி வரை கொண்டு வந்து விட்டபோதுதான் வழக்கத்தை எனக்கு விளக்கிச் சொன்னார். என் மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஒரு பையில் கெராங் சிப்பி போட்டுக் கொடுத்தார், நன்றாகக் கழுவிச் சமைக்கும்படி சொன்னார். வீட்டுக்கு வந்து அதைச் சமைக்க எனக்கு மனசு வரவில்லை. குளிர்பெட்டியில் வைத்துக் கெட்டுப்போய் எறிந்தேன்.

அதன் பிறகு அவர் இன்னொரு தடவை கடைக்கு வந்தார். துடைக்காத படத்தை அதே அளவில் ஒன்று அடித்துத் தரச் சொன்னார். அடித்துக் கொடுத்தேன். அவர் அதை விரித்து, ஒரு காற்றாடிக்கும் அடுத்த காற்றாடிக்கும் நடுவில் விரலை மடக்கி வைத்து, இந்த இடைவெளி நிஜத்தில் எவ்வளவு இருக்கும், ஒரு படகு போகலாமா என்று கேட்டார். கப்பலே போகும் என்று என் கணவர் சொன்னார். அப்படியானால் செத்தவர்களும் போவார்கள்தானே என்று பாத்தின் கேட்டார். கணவர் என்னைப் பார்த்தார். 'தாராளமா போவாங்க, பாத்தின்' என்று நான் சொன்னேன். மனசு ஆறட்டும் என்றுதான் சொன்னேன், எனக்கு என்ன தெரியும்? கும்பிடு வருவதற்குள் படகில் போய் காற்றாடி வரப்போகிற இடத்தைப் பார்த்து வருகிறேன், பார்த்துவிட்டு வந்து ஊருக்குச் சொல்கிறேன், நான் பார்த்தால்தானே கணக்கு என்றார். கரையிலிருந்து அது ரொம்பத் தூரம், உங்கள் சின்னப் படகில் வேண்டாம் என்று கணவர் தடுத்தார். பாத்தின் சிரித்துவிட்டு, படத்தைச் சுருட்டிக்கொண்டு பெரிக்கு நடந்தார். அவர் மனம் வெறுத்துப் பேசினாரா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இல்லை. வேலைக்குப் போகிற ஆள் மாதிரித்தான் போனார். அவர் உயிரை விடப் போனார் என்று யாராவது எழுதினால் அது பொய். அவர் பார்க்கப் போனார்.

அதன் பிறகு ஷாருல் கடைக்கு போன் பண்ணினார். பாத்தின் போனவர் திரும்பவில்லை என்றும், ஊர்ப் படகுகள் தேடிவிட்டு வந்துவிட்டன என்றும், போலீஸில் சொல்லியிருக்கிறோம் என்றும் சொன்னார். கும்பிடு என்ன ஆச்சு என்று கேட்டேன். நாள் வந்தது, எல்லாரும் கரைக்குப் போய்த் தலை குனிந்து நின்றோம் என்றார். நிமிரச் சொல்ல ஆள் இல்லை. சூரியன் இறங்கின பிறகும் நின்றிருக்கிறார்கள், கால் கடுத்த பிறகு குனிந்தபடியே வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அதைச் சொல்லிவிட்டு ஷாருல், 'அக்கா, நெசமாவே தூசின்னுதான் நெனச்சீங்களா?' என்று கேட்டார். 'ஆமாப்பா' என்றேன். 'அன்னிக்கே நம்பியிருக்கணும்லா' என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

இன்று இந்த அறையில் இன்ஸ்பெக்டர் நஜ்வா எனக்கு இரண்டு படங்களைக் காட்டினார். முதல் படத்தில் பிளாஸ்டிக்கில் கட்டிய பேனர் சுருள் இருந்தது. அடி ஓரத்தில் எங்கள் கடைப் பெயர் தெரிந்தது. அது நான் பாத்தினுக்கு அடித்துக் கொடுத்ததுதான் என்று அடையாளம் சொன்னேன். இரண்டாவது படம் தேடப் போனவர்கள் தூரத்திலிருந்து எடுத்தது. முழுக்கக் கடல், வானத்தோரமாக ஒரு வெள்ளைப் புள்ளி. படத்தில் தூசி ஒட்டியிருக்கிறது என்று சொல்லி நான் கட்டைவிரலால் துடைத்தேன். அது போகவில்லை. இன்னொரு தடவை அழுத்தித் துடைத்தேன். சார்ஜன் கார்த்திகன் என் கையைப் பிடித்து, 'அக்கா, விடுங்க, அதுதான் படகு' என்றார். படகில் அந்தச் சுருள் மட்டும்தான் இருந்ததாம்.

இன்னும் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். ஒன்று உண்டு. பாத்தின் உனின் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. அவர் கண் நன்றாக இருந்தது. எங்கள் பேனரில் ஒன்றும் இல்லாததால்தான் ஒன்றும் இல்லை என்று சொன்னார். இந்த மூன்றையும் மலாயில் எழுதி, தெலுக் பாரியில் ஊர் கூட்டி, போலீஸ் வாயால் படிக்க வேண்டும். நான் சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள்.

மேலே உள்ளதை சார்ஜன் கார்த்திகன் எனக்கு முழுக்கப் படித்துக் காட்டினார். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் பேசவில்லை. சொன்னது அத்தனையும் எனக்குத் தெரிந்த மட்டும் உண்மை. திருத்த வேண்டியது ஏதும் இருந்தால் திருத்தலாம் என்றார்கள். இதில் எதையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ரமணி த/பெ அர்ஜுனன்
என் முன்னிலையில்: சார்ஜன் கார்த்திகன்